தோல்வி தரும் பாடம்



மல்யுத்த வீரன் களத்திலே தனித்து நிற்கிறான். தோற்றால் பழிசுமத்தச் சக வீரன் எவனும் அங்கில்லை. தன் குறையைத் தன்னுடையதென்று ஏற்பதே இவ்விளையாட்டுத் தரும் தலையாய பாடம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தவரான டான் கேபிள், பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலுமாக 181 பந்தயங்களைத் தொடர்ந்து வென்றவர். 1970இல், பல்கலைக்கழக வாழ்வின் கடைசிப் பந்தயத்தில், லாரி ஓவிங்ஸ் என்னும் மாணவரிடம் 13க்கு 11 என்ற புள்ளிக்கணக்கில் தோற்றார். ஆயினும் அவர் ஒடுங்கிவிடவில்லை. குறைகளைக் களைந்து, முன்னிலும் கடுமையாகப் பயின்றார். 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில், எதிராளி எவருக்கும் ஒரு புள்ளிதானும் கொடாமல் தங்கப் பதக்கம் பெற்றார்.

வேதாகமத்திலும் ஒரு மற்போர் உண்டு. முன்னர் தமையனின் பெயரைச் சொல்லித் தந்தையை ஏமாற்றியவர் யாக்கோபு. விடியும்வரை போராடித் தொடைச்சந்து விலகிய நிலையில், பெயர் கேட்கப்பட்டபோது, தம் சொந்தப் பெயரையே சொன்னார். அப்போதுதான் புதுப்பெயரும் ஆசீரும் பெற்றார் (ஆதியாகமம் 32).

பெற்றோரே, பிள்ளை தோற்று வீடு திரும்பும்போது மத்தியஸ்தரை ஏசி ஆறுதல் கூறாதீர்கள். அது அவன் கற்ற பாடத்தைப் பறித்துவிடும். முதலில் அணைத்துக்கொள்ளுங்கள், உணவளித்து இளைப்பாற விடுங்கள். மறுநாள், "எங்கே பிடி தளர்ந்தது, மகனே?" என்று கேளுங்கள்.

இளைஞரே, பரீட்சையிலும் தொழிலிலும் நீங்கள் விழக்கூடும், பாவத்திலும் விழக்கூடும். "குறை என்னுடையதே" என்று சொல்லக் களத்திலே பழகியவனுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுவது கடினமாயிராது. அங்கிருந்து எழுபவன் தோற்றவனல்லன்.