கரிச்சுரங்கத்துத் தண்ணீரும் நம்ம லயத்துக் கானும்



நிலக்கரி நம்ம மலையில் கிடையாது. பிறகு ஏன் இந்தப் பாடம் என்று கேட்பீர்கள். செங்குத்தான மலை, கொட்டுகிற மழை, அதற்குக் கீழே குடியிருப்பு என்று மூன்றும் ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டால், மேலே இருப்பது கரிக்குப்பையோ தேயிலையோ, தண்ணீர் செய்கிற வேலை ஒன்றுதான். அதனால் எழுதுகிறோம்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் அபர்வான் என்றொரு சுரங்கக் கிராமம். கரியோடு வெளியே வந்த கல்லையும் கழிவு மண்ணையும் ஊருக்கு மேலே மலையில் கொட்டிக் குவித்து வந்தார்கள். ஏழாவது குவியலை 1958இல் தொடங்கினார்கள். அந்த இடத்தில் ஊற்று இருந்தது. பழைய வரைபடத்திலேயே அது குறிக்கப்பட்டிருந்தது. ஊற்றை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? குவியலுக்கு உள்ளேயே ஊறிக்கொண்டு நின்றது. குவியலோ 100 அடிக்கும் மேலே வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மேலே இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று 1963இலேயே உள்ளூராட்சி எஞ்சினியர் கடிதம் எழுதினார். பள்ளிக்கூடத்தடியில் வெள்ளம் தேங்குகிறது என்று தாய்மாரும் மனுக் கொடுத்தார்கள். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை 9.15 மணியளவில் குவியல் கூழாகிக் கீழே பாய்ந்தது. பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 144 பேர் செத்துப்போனார்கள். அதில் 116 பேர் பிள்ளைகள்.

விசாரணை நடந்து 1967இல் அறிக்கை வந்தது. பிழை தேசிய நிலக்கரிச் சபையுடையது என்று அதில் தெளிவாக எழுதினார்கள். மிச்சக் குவியல்களை அகற்ற, பாதிக்கப்பட்ட மக்களுக்காக உலகம் அனுப்பிய நன்கொடைப் பணத்திலேயே 150,000 பவுண் எடுத்தார்கள். 1997இல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். படித்தபோது எங்களுக்கு வயிறு எரிந்தது.

சரி, சுரங்கத்துத் தண்ணீரை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும்? அமெரிக்காவில் 1972இல் பஃபலோ கிறீக் என்ற இடத்தில் கரிக்கழிவால் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1977இல், மேற்பரப்புச் சுரங்கங்களுக்கு அங்கே சட்டம் வந்தது. அந்த முறைகளைப் பார்த்தால் நம்ம கான்காரருக்கு ஒன்றும் புதிதாக இராது.

குழி தோண்டுவதற்கு முன்னமே, மேல் பக்கத்திலே ஒரு கான் வெட்டுகிறார்கள். மலையிலிருந்து வருகிற சுத்தத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்காமல் சுற்றிப் போய்விடும். இதைத்தான் முதல் வேலையாகச் சொல்வார்கள், ஏனென்றால் உள்ளே வராத தண்ணீரைச் சுத்தம் பண்ணத் தேவையில்லை. கரியோடு கலந்திருக்கும் கந்தகக் கல் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாக மாறும். அந்தத் தண்ணீர் ஓடுகிற ஆறு துருப்பிடித்த தகரம் மாதிரிச் சிவந்துபோகும், மீன் நிற்காது. நம்ம மலையில் அமிலம் இல்லை, மண்தான் போகிறது.

கான் நேரே கீழே இறங்கக்கூடாது. மலைக்குக் குறுக்காக, கொஞ்சமே சரிவாக ஓட வேண்டும். சரிவு கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் தண்ணீர் கானையே அறுத்துக்கொண்டு போகும். எப்படியும் செங்குத்தாக இறக்க வேண்டிய இடத்தில் கருங்கல் பதிக்கிறார்கள். சுரங்கத்துக்குள் விழுந்த மழைத் தண்ணீரை ஒரு குளத்தில் தேக்கி வைக்கிறார்கள். நின்ற தண்ணீரில் மண் அடியில் படியும், தெளிந்தது மட்டும் வெளியே போகும். நம்ம தேயிலை மலையில் கானுக்குள்ளே இடைக்கிடை சின்னக் குழி விட்டு வெட்டுகிறோமே, அதே வேலைதான். படிந்த மண்ணை அள்ளாவிட்டால் குளமும் பிரயோசனமில்லை, குழியும் பிரயோசனமில்லை.

மேல் மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து வைப்பார்கள். கரி எடுத்து முடிந்ததும் குழியை மூடி, அந்த மண்ணை மேலே பரப்பிப் புல் நடுவார்கள். நட்டுவிட்டுப் போய்விட முடியாது. மழை உள்ள இடத்தில் 5 வருஷமும் காய்ந்த இடத்தில் 10 வருஷமும் கம்பனிதான் பொறுப்பு. பழைய தேயிலையைப் பிடுங்கின மலையில் மறுபடி நடுவதற்கு முன்னே நாம் குவாட்டமாலாப் புல்லோ மானாப்புல்லோ போடுகிறோம். ஆனால் களை எடுக்கிறோம் என்று சுரண்டியால் மண்ணோடு வழித்தெடுக்கிற பழக்கம் இன்னும் சில மலைகளில் இருக்கிறது. கவ்வாத்து மலையில் அப்படிச் செய்தால் ஒரு பெருமழைக்கே வேர் வெளியே தெரியும்.

இப்போது லயத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களே மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? அங்கேயும் ஆபத்து என்று முன்னமே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் மலையகம் பட்ட பாட்டை நாம் எல்லாரும் பார்த்தோம்.

போன மழைக்கு முன்னே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். லயத்துக்குப் பின்னால் மண் திட்டு, அதற்கு மேலே ஒரு கான். கான் இருந்தது, ஆனால் தண்ணீர் போக இடமில்லை. பொலித்தீன் பை, யோகட் கோப்பை, பழைய செருப்பு, அதற்கு மேலே சாம்பல். தண்ணீர் கரை தாண்டி ஐந்தாம் காம்பராவின் பின்சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா, "ஐயா, நாலு தரம் சொல்லிட்டேன், தோட்டத்து வேலைங்கிறாங்க, லயத்து ஆளு வேலைங்கிறாங்க" என்றார். உண்மையைச் சொன்னால், அதற்கு முந்தின மாதமே நாங்கள் அந்தப் பக்கம் போய் அந்தக் கானைப் பார்க்காமல் திரும்பியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தலைவரும் இளைஞர்களும் சேர்ந்து அள்ளினார்கள். பதினொரு பேருக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான். அடுத்த கிழமை அந்தச் சுவர் காய்ந்திருந்தது.

ஆனால் கான் அள்ளினால் தீராத இடமும் உண்டு. மலையில் புதிதாக வெடிப்புக் கண்டால், நிலத்திலோ சுவரிலோ வெடிப்பு நாளுக்கு நாள் அகன்றால், மரம் சாய்ந்தால், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, அது மண்வெட்டியால் சரிசெய்கிற வேலை இல்லை. பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். இரவு, மழை, சாமான் என்று பார்க்க வேண்டாம். பிறகு கிராம சேவகருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சொன்ன திகதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.