வானத்துக்கு ஆண்டெனா, கூலிக்கு டோக்கன்

2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி29 ராக்கெட் ஆறு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. ஆறும் சிங்கப்பூருடையவை. அவற்றில் பெரியதான டெலியோஸ்-1, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 15 பாகை சாய்ந்த பாதையில் விடப்பட்டது. ஏன் அந்தப் பாதை? சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.3 பாகையில் இருக்கிறது. அந்தப் பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் நம் அடிவானத்துக்கு மேல் தலைகாட்டும்.

துருவங்களைக் கடந்து செல்லும் செயற்கைக்கோள்களுக்கு அந்த வசதி இல்லை. அதே உயரத்தில் பறந்தாலும் அவை ஒரு நாளில் ஏறத்தாழ நான்கு முறைதான் சிங்கப்பூருக்கு எட்டும். ஒவ்வொரு முறையும் சுமார் பத்து நிமிடம். தேக்கா சந்தையில் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் போய்விடும்! ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் 40 நிமிடம் மட்டுமே பேச்சு. மீதி நேரம் செயற்கைக்கோள் எடுத்த படங்கள் அதனிடமே தேங்கிக் கிடக்கும். கீழே நம் ஆண்டெனாவும் சும்மா நிற்கும்.

உலகெங்கும் தரைநிலையம் கட்டினால் சிக்கல் தீரும், ஆனால் செலவு மிக அதிகம். பகிர்ந்துகொண்டால் என்ன? கிரேக்க நாட்டின் லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளை நடத்தும் சாட்நாக்ஸ் கட்டமைப்பு அதைத்தான் செய்கிறது. 2014ல் ஹேக்கடே பரிசை வென்ற திட்டம் அது. தொண்டூழியர்கள் தங்கள் வீட்டில் சிறிய ஆண்டெனா பொருத்துகிறார்கள். ஒருவருடைய நிலையத்தை மற்றவரும் பயன்படுத்தலாம். பணம் கைமாறுவதில்லை.

ஆர்வம் உள்ளவர்களை மட்டும் நம்பினால், ஆண்டெனா தேவைப்படும் இடத்தில் ஆள் இல்லாமல் போகலாம். இங்குதான் டோக்கன் வருகிறது. நிலையம் வைத்திருப்பவர் தரவைப் பெற்றுத் தந்தால் அவர் கணக்கில் மின்னிலக்க டோக்கன் சேரும். தரவு வேண்டியவர் அதே டோக்கனை வாங்கிச் செலுத்துவார்.

நடுவில் நிறுவனம் இல்லையென்றால் கணக்கை யார் எழுதுவது? சீட்டுப் போட்ட அனுபவம் உள்ள பாட்டியிடம் கேளுங்கள். சீட்டுப் பிடிப்பவரின் நோட்டை மட்டும் நம்பினால் ஆபத்து. உறுப்பினர் எல்லாரும் ஒரே கணக்கைத் தத்தம் நோட்டில் எழுதி, அடிக்கடி ஒப்பிட்டுப் பார்த்தால் ஒருவர் மட்டும் திருத்த முடியாது. பிளாக்செயின் என்பது அப்படிப்பட்ட பொது நோட்டுதான். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு கணிதத்தால் பிணைக்கப்பட்டிருக்கும்.

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு 2017ல் தொடங்கிய ஸ்பேஸ்செயின், இந்த நுட்பத்தை விண்வெளிக்கே கொண்டு போனது. 2019 டிசம்பரில் அதன் சிறு கருவி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்றது. 2020 ஜூனில் அதன் வழியாக ஒரு பிட்காயின் பரிமாற்றம் நடந்தது. பல சாவி போட்டுத் திறக்கும் கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சாவி மட்டும் விண்வெளியில் இருந்தது.

ஆனால் கணக்கு எழுதுவது எளிய பாதி. எழுதப்பட்ட வேலை உண்மையில் நடந்ததா? 2019ல் அமெரிக்காவில் தொடங்கிய ஹீலியம் கம்பியில்லாக் கட்டமைப்பு, கருவி வைப்பவர்களுக்கு டோக்கன் தந்தது. சில ஆண்டுகளில் உலகெங்கும் பல லட்சம் கருவிகள் முளைத்தன. டோக்கன் இல்லாமல் இந்த வேகம் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சிலர் பல கருவிகளை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, வெவ்வேறு இடங்களில் இருப்பதாகப் பதிந்து டோக்கன் சம்பாதித்தார்கள். அந்தக் கட்டமைப்பைப் பயன்படுத்தக் காசு கொடுத்தவர்களும் குறைவு. 2021 நவம்பரில் 50 அமெரிக்க டாலரைத் தாண்டிய டோக்கன், 2022 இறுதியில் 3 டாலருக்கும் கீழே கிடந்தது. விலை சரியத் தொடங்கியிருந்த 2022 ஜனவரியில், மின்னிலக்க நாணயச் சேவைகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் வழிகாட்டி நெறி வெளியிட்டது.

விண்வெளித் தரைநிலையத்தில் பொய்யைப் பிடிக்க இயற்பியல் ஓரளவு உதவும். சிராங்கூன் சாலையில் ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சங்கொலி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? வானொலி அலைக்கும் அதே டாப்ளர் விளைவு உண்டு. அடிவானத்தில் எழும் செயற்கைக்கோள் நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 435 மெகாஹெர்ட்ஸ் அலையை 7ஆல் பெருக்கி 3 லட்சத்தால் வகுத்தால், ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மாற்றம். இந்த மாற்றம் கூடிக் குறையும் வளைகோடு ஜூரோங்கில் ஒரு விதமாகவும் சென்னையில் வேறு விதமாகவும் இருக்கும். இடத்தைப் பொய்யாகச் சொன்னால் கோடு பொருந்தாது.

கெட்டிக்கார ஏமாற்றுக்காரர் அந்த வளைகோட்டையும் கணினியில் போலியாக வரைந்துவிடலாம். அதனால் செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாத ஓர் எண்ணை அனுப்பி, கேட்டவர் அதைச் சில நொடிகளுக்குள் திருப்பிச் சொல்லும்படி செய்யலாம். கேட்ட நண்பர் ஒருவர் இணையம் வழியாக அந்த எண்ணைக் கடத்திவிட்டால்? அதைத் தடுக்க நீங்கள் என்ன விதி வைப்பீர்கள் என்று வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். சாட்நாக்ஸ் நிலையங்கள் பதிவுசெய்த அலைப்படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு ஊர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.