36,000 ரூபாய் லேப்டாப் மகளுக்குப் போதுமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு மதுரையில் பி.காம். சேர்கிறாள். விடுதியில் தங்கிப் படிக்கப்போகிறாள். இங்கே ஒரு கடையில் ஏசூஸ் விவோபுக் 15, ஐ3-1215யூ பிராசசர், 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று 36,000 ரூபாய் சொல்கிறார்கள். எதிர்க்கடைக்காரர், "அதே விலைக்கு ரைசன் 5 7520யூ தருகிறேன், ஐ3 எதற்கு?" என்கிறார். என் மைத்துனரோ, "காலேஜுக்கு 22,000 ரூபாய் செலரான் போதும், மிச்சத்தை பீஸ் கட்டு" என்கிறார். டேலியும் எக்செலும் ஓட வேண்டும், மூன்று வருடம் உழைக்க வேண்டும். எதை வாங்கட்டும்?
வாசகர், திண்டுக்கல்

பதில்: மைத்துனர் சொன்னதை முதலில் தள்ளிவிடுங்கள். அந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் 4 ஜி.பி. ரேமும் 64 அல்லது 128 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பும் கொண்ட கருவி. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த குறைந்தபட்சத் தகுதியே 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு. அதாவது வாசற்படியிலேயே நிற்கிற கருவி. விண்டோஸ் அப்டேட் இரண்டு வந்தால் இடம் நிரம்பிவிடும். முதல் செமஸ்டரிலேயே "அப்பா, சுத்திக்கிட்டே இருக்கு" என்று போன் வரும்.

இனி ரைசன் கடைக்காரர். இவர் பொய் சொல்லவில்லை. பெயரில் 5 இருக்கிறதே, அதை வைத்துப் பேசுகிறார். 7520 என்ற எண்ணில் மூன்றாவதாக நிற்கும் 2-ஐப் பாருங்கள். அது 'ஜென் 2' வடிவமைப்பைக் குறிக்கிறது. ஜென் 2 சந்தைக்கு வந்தது 2019-இல். அந்த வடிவமைப்பை வைத்து 2022-இல் குறைந்த விலைக் கருவிகளுக்கென்று செய்த சிப் இது. ரைசன் 5 என்றதும் ஆறு கோர் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் இருப்பது நான்கு. ஐ3-1215யூவும் 2022-இல் வந்ததுதான், ஆனால் வடிவமைப்பு அந்தத் தலைமுறைக்கே உரியது. வேகமான கோர் இரண்டு, சிக்கனமான கோர் நான்கு. எக்செலில் பெரிய ஷீட்டைத் திறப்பது, பிரவுசரில் பக்கம் விரிவது போன்ற அன்றாட வேலைகளில் ஒற்றைக் கோரின் வேகம்தான் கைக்குத் தெரியும். அதில் இந்த ஐ3 தெளிவாக முந்துகிறது. ரைசன் மின்சாரத்தைக் கொஞ்சமாகக் குடிக்கும். அந்த நல்ல குணத்தை மறைக்கக் கூடாது.

ஆனால் நான் ஐ3 பக்கம் சாய்வதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் ரேம். 7520யூ ஏற்பது எல்.பி.டி.டி.ஆர்.5 வகை ரேமை மட்டுமே. அதைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8 ஜி.பி.தான். நீங்கள் சொல்லும் விவோபுக்கில் 8 ஜி.பி. போர்டிலேயே இருக்கிறது, பக்கத்தில் காலி ஸ்லாட் ஒன்றும் உண்டு. விண்டோஸும் பின்னணியில் ஓடுகிற சங்கதிகளும் மூன்று நான்கு ஜி.பி.யைப் பிடித்துக்கொள்ளும். திரைக்கான கிராஃபிக்ஸும் இதே ரேமிலிருந்துதான் பங்கு கேட்கும். டேலி சாது, அதற்கு அதிகம் வேண்டாம். குரோமில் பன்னிரண்டு டேப், பக்கத்தில் ஆன்லைன் வகுப்பு என்று சேரும்போதுதான் மூச்சு வாங்கும். இன்றைக்கு 8 ஜி.பி.யோடு தொடங்குங்கள். இரண்டாம் வருடம் திணறினால் இன்னொரு 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் போட்டால் போதும். இரண்டும் ஜோடியாக ஓடும்போது கிராஃபிக்ஸின் வேகமும் கூடும்.

காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால், இரண்டு ஸ்லாட்டில் ஒன்று பயன்பாட்டில் என்று காட்ட வேண்டும். பிராசசரின் முழுப் பெயரும் அங்கேயே தெரியும்.

இந்த விவோபுக்கின் பெரிய குறை திரை. 15.6 அங்குலம், முழு எச்.டி. என்று பெட்டியில் பளிச்சென்று போட்டிருப்பார்கள். கூடவே 250 நிட்ஸ் வெளிச்சம், 45 சதவீத என்.டி.எஸ்.சி. வண்ணம் என்றும் இருக்கும். அந்த இரண்டு எண்களும்தான் விலையைக் குறைத்தவை. ஜன்னலோர வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும், சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். கணக்குப் படிக்கிற பெண்ணுக்கு வண்ணம் பெரிய விஷயமில்லை. விஸ்காம் படிப்பு என்றால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். ரேமைப் பிறகு கூட்டலாம், திரையை அப்படி மாற்ற முடியாது.

பேட்டரி 42 வாட்-ஹவர். லேசான வேலைக்கு எட்டு வாட் செலவானால் ஐந்து மணி நேரம் சொச்சம். வீடியோ வகுப்பு என்றால் மூன்று, மூன்றரை. டைப்-சி துளை இருந்தாலும் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே. போன் சார்ஜரைச் செருகினால் ஏறாது, வட்டமுனை சார்ஜரைத் தினமும் பையில் சுமக்க வேண்டும். லேன் கேபிள் துளையும் கிடையாது. கீபோர்டின் வலப்பக்கம் தனி எண் பலகை இருக்கிறது. வவுச்சர் மேல் வவுச்சராகப் போடுகிறவளுக்கு அது பெரிய உதவி. 1.7 கிலோ எடை சுமக்கக்கூடியதே.

எந்த நிறுவனமானாலும் இந்த விலையில் உடல் பிளாஸ்டிக்தான். கீலைப் பிடிக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்ன பித்தளை நட்டுகளில் நிற்கின்றன. ஒரு மூலையைப் பிடித்து மூடியைத் திறந்து திறந்து அந்த நட்டு பெயர்ந்து, திரைச்சட்டமே பிளந்துபோன கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடியின் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். இந்த விலைக் கருவி ஆயுசு முழுக்க உழைப்பது இந்த ஒரு பழக்கத்தால்.

இன்னொன்று. எம்.எஸ். ஆஃபிஸ் சேர்த்து விற்கிற மாடல் என்றால், விண்டோஸை முதலில் இயக்கிய நாளிலிருந்து 180 நாளுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். கடைப் பையன் தன் மின்னஞ்சலில் பதிவு செய்து கொடுத்தால் ஏற்காதீர்கள். மகளின் சொந்த மின்னஞ்சலில்தான் அது நிலைக்கும்.

ஐ3-யையே வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் மகளைக் கடைக்கு அழைத்துப்போய், டெமோ கருவியில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்து, பத்து நிமிடம் அவளை உட்காரச் சொல்லுங்கள். திரை கண்ணை உறுத்துகிறது என்று அவள் சொன்னால், இன்னும் ஐந்தாறாயிரம் சேரும்வரை பொறுத்து, 300 நிட்ஸ் ஐ.பி.எஸ். திரையுள்ள மாடலாகப் பாருங்கள்.