கொலுவில் கை அசைய: மோட்டாருக்கு முன் எடை

காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவின் காகிதக்கூழ் பொம்மைகளோடு, எலும்புருவாய்த் தாளம் தட்டும் காரைக்கால் அம்மையாரையும் கொலுவில் அசைய வைக்க நினைப்பவர்கள் பெரிய மோட்டாரைத் தேட வேண்டாம். கையின் எடையைச் சமன்செய்வதே முதல் வேலை. 40 செ.மீ. நீளம், 200 கிராம் எடை கொண்ட கையைக் கிடையாக நீட்டினால் எடை மையம் தோளிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி நிற்கும், 4 கிலோ-செ.மீ. திருப்புவிசை தேவை. மலிவான எஸ்ஜி90 சர்வோ மோட்டார் தருவதோ ஏறத்தாழ 1.8. கையின் தண்டைத் தோளுக்குப் பின்னால் 10 செ.மீ. நீட்டி 350 கிராம் எடை கட்டுங்கள்; மிஞ்சும் சுமை 0.5 மட்டுமே. சர்வோ மீன்பிடி நரம்பால் இழுத்தால் கை ஏறும், விட்டால் தானே இறங்கும். காஞ்சிபுரத் தறிகளில் ஜக்கார்டு கருவியும் இப்படித்தான்: கொக்கி பாவு நூலைத் தூக்க, கீழே தொங்கும் எடை அதை இறக்குகிறது.

வலுவான எம்ஜி996ஆர் சர்வோ இருக்க எடை எதற்கு என்று கேட்கலாம். அது தூக்கும்தான், ஆனால் கையை ஏந்தி நிற்கும் நேரமெல்லாம் மின்சாரம் இழுத்துச் சூடேறும், காகிதக்கூழ் தோளில் திருகாணி தளரும். ஒன்பது இரவும் ஓட வேண்டிய பொம்மைக்கு இது ஆகாது. எடை கூடினால் அசைவு மந்தமாகும் என்பது நியாயமான வாதம். எனவே திடீரென இழுக்காமல், சர்வோவை இயக்கும் ஆர்டுயினோ நிரலில் கோணத்தைப் படிப்படியாக மாற்றுங்கள். சர்வோவுக்கு ஆர்டுயினோவிலிருந்து மின்சாரம் எடுக்காமல் தனி 5 வோல்ட் அடாப்டர் வையுங்கள். ஆர்டுயினோ, அடாப்டர் இரண்டின் கிரவுண்டையும் இணைக்க மறவாதீர்கள்.