பிரேக்குக்குள் காற்றா? கவனம்!

நம் தோட்டத்துப் பாதைகள் எல்லாம் ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக இருக்கின்றன. இன்று நம் பிள்ளைகள் ஓட்டும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் முன் சக்கரத்துக்கு ஒயிலால் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் உண்டு. "பிரேக் மெத்துன்னு போகுது, ரெண்டு தடவை அமத்தினா பிடிக்குது, பரவாயில்ல" என்று சிலர் சொல்வார்கள். அப்படி விடக்கூடாது. குழாய்க்குள் காற்று புகுந்திருப்பதன் அடையாளம் அது.

ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, வாயை விரலால் அடைத்து அமத்திப் பாருங்கள். அமுங்காது. காற்றை அடைத்து அமத்தினால் அமுங்கும். பிரேக்கிலும் இதுதான் நடக்கிறது. கை கொடுக்கும் பலம் சக்கரத்துக்குப் போகாமல் காற்றை அமுக்குவதிலேயே வீணாகிறது.

காற்று எப்படி வரும்?
பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் ஒயில் இறங்கும். கவனிக்காவிட்டால் காற்று புகும். கசிவு இருந்தாலும் புகும். பழைய ஒயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ஒயில் கொதித்து, ஆவிக் குமிழி உண்டாகும்.

காற்றை எடுக்கும் முறை
1. வண்டியை நேராக நிறுத்தி, ஒயில் டப்பா மட்டமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்புங்கள். மூடியைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள்.
2. மூடியில் எழுதியுள்ள வகை ஒயிலையே, புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் ஊற்றினால் உள்ளேயுள்ள இறப்பர் கெட்டுவிடும்.
3. சக்கரத்துப் பக்கமுள்ள காற்று நிப்பிளில் உள்ளே தெரியும் டியூப்பை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள்.
4. லீவரை மெதுவாகச் சில தடவை அமத்தி, அமத்தியபடியே பிடியுங்கள். இன்னொருவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கட்டும். குமிழி வரும்.
5. நிப்பிளை மூடிய பிறகே லீவரை விடவேண்டும். முதலில் விட்டால் காற்று திரும்பவும் உள்ளே போகும்.
6. குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். டப்பாவில் ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.
7. நிப்பிளை அளவாக இறுக்கி, ஒயிலை மேல்கோடு வரை நிரப்பி, மூடியைப் போடுங்கள்.

பிறகு லீவரை ஒரு நிமிடம் பலமாகப் பிடித்துப் பாருங்கள். கல் போல நிற்கவேண்டும்; கசியக்கூடாது. முதலில் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இன்னும் மெத்தென்று இருந்தால் இறக்கத்தில் இறங்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளையும் அவரிடமே விடுங்கள்.

தாய்மார் கவனத்துக்கு: பிரேக் ஒயில் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள். கழிவு ஒயிலைப் பீலிப் பக்கம் கொட்ட விடவேண்டாம்.

தம்பிமாரே, பெற்றோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் வராதீர்கள். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடாகாது. பின்னால் உட்கார்ந்து வருபவர் உங்கள் அம்மாவாகவோ தங்கச்சியாகவோ இருக்கலாம்.