முன்குறித்தலைப் பற்றி எழுதிய தம்பிக்கு



சபைப் பத்திரிகையில் முன்குறித்தலையும் மனுஷ சித்தத்தையும் பற்றி நீர் எழுதியதை இருமுறை வாசித்தேன். ரோமர் 9-ஆம் அதிகாரமும் பெலேஜியுவும் டார்ட் சங்கமும் நாமிருவரும் அறிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன். எரிச்சலூட்டியது உமது கடைசிப் பத்தி. 1524-இல் எராஸ்மஸ் தொடுத்து, மறு ஆண்டே லூத்தர் மறுத்து, இன்றளவும் தீராத வழக்கை, ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று ஒரு வரியில் தீர்த்துவைத்த முதல் நீதிபதி நீர்தாம் போலும்!

டேனிஷ் மிஷனார் ஊன்றிய லூத்தரன் சபையில் பிறந்துவிட்டு நீர் கால்வினின் ஜெனீவாவுக்கு ஓடுவானேன்? சித்தம் அடிமைப்பட்டது என்று கர்ஜித்த அதே லூத்தர், தான் தெரிந்துகொள்ளப்பட்டவளோ என்று கலங்கிய பார்பரா லிஸ்கிர்ஷென் என்ற மாதுக்கு 1531-இல் எழுதுகையில், தாமும் அந்த வேதனையில் கிடந்தவர் என்பதை மறையாமல், தேவனுடைய மறைவான ஆலோசனையைத் துழாவாது கிறிஸ்துவை நோக்கும்படி சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பதே உபதேசத்தில் பாதி. இதை நான் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன்.

நம் ஊரையே பாரும். 1898 டிசம்பரில் பவழக்குன்றில், வீடு திரும்பும்படி மன்றாடிய தம் தாய் அழகம்மாளுக்கு, வருவதைத் தடுப்பார் இல்லையென்ற கருத்துப்பட ரமணர் தாளில் எழுதித் தந்த விடை கால்வினையும் திடுக்கிடச் செய்யும். 1914-இல் அதே தாய் விரூபாக்ஷ குகையில் காய்ச்சலாய்க் கிடந்தபோதோ, அவள் பிழைக்கவேண்டி அருணாசலத்தின்மேல் பாட்டு இயற்றினார். பிராரப்தம் வேறு, தேவசித்தம் வேறு என்று கிளம்பிவிடாதேயும், வேறுதான். ஆனால் அங்கே நடுவில் ஒரு தாய் இருக்கிறாள். உமது கட்டுரையில் ஒருவருமில்லை.

நான் சிறுவனாயிருக்கையில், காலரா கண்ட வருஷம், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று ஒரு போதகர் குயவனையும் களிமண்ணையும் பற்றிப் பிரசங்கித்தார். முன்குறித்தலில் அவரைவிட வைராக்கியமுள்ள கிழ உபதேசியாரோ, அடுத்த வீட்டில் கஞ்சி வாங்கிவந்து, அந்தத் தாய் குடிக்கும்வரை கிண்ணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் தம்பி, அந்தப் பார்வோன் பகுதி! வாதைகளின் வரிசையில், ஆறாவதாகிய கொப்புளங்களில்தான் கர்த்தரே அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்ற வாக்கியம் முதன்முதல் வருகிறதென்று நீர் எண்ணிக் காட்டியதைப்போல் ஒன்றை எந்தப் பிரசங்கபீடத்திலும் நான் கேட்டதில்லை. கட்டுரையைச் சிறுநூலாக்கப்போவதாகக் கேள்வி. கடைசிப் பத்தியை அடித்துவிடுவீரானால் அச்சுக்கூலியில் பாதியை என் பேரில் எழுதிக்கொள்ளும்.