தாளும் பணியும்

ஓலை என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பல. பனையின் இலையும் ஓலை. அவ்விலையில் எழுதிய முடங்கலும் ஓலை. அவ்விலையைச் சுருட்டிச் செவித்துளையிற் செறித்த அணியும் ஓலை. தோடு என்னும் சொல்லும் அத்தகையதே. தொல்காப்பிய மரபியலிற் புல்லினத்தின் உறுப்புக்களை எண்ணுமிடத்துத் தோடும் ஏடும் ஓலையும் உறுப்புப் பெயர்களாக நிற்கின்றன. அத்தோடு என்னும் பெயரே பொன்னாலும் மணியாலும் ஆகிய செவியணிக்கும் உரியதாயிற்று. ஆடிப்பெருக்கு நாளிற் பவானிக் கூடுதுறையிலும் பிற காவிரித் துறைகளிலும் மகளிர் காதோலை கருகமணி படைத்து ஆற்றை வழிபடும் வழக்கம் இன்றும் உண்டு. அச்சிறு சுருளைப் பழைய இலையணியின் எச்சம் எனலாம். எனவே எழுதும் பொருளே அணியும் பொருளாதல் நம்மவர்க்குப் புதுமையன்று.

ஓலையின் இடத்தை இன்று தாள் பெற்றுள்ளது. எழுதிக் கழித்த தாளும் அச்சிட்டுக் கழித்த தாளும் நம் வீட்டு மூலைகளிற் குவிகின்றன. அவற்றைக்கொண்டு மணியும் சிமிக்கியும் சிறு கலங்களும் செய்யும் கைத்தொழில் நம் நகரத்து மாணவரிடையே பரவி வருகிறது. இதனை வீண்பொழுது போக்கென்று இகழ்வாரும் உளர். உலகைக் காக்கும் பெருந்தொண்டென்று புகழ்வாரும் உளர். இவ்விரண்டும் மிகைக் கூற்றே. இத்தொழிலின் இயல்பையும் முறையையும் உண்மையான பயனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

1. தாளின் பிறப்பு

தாள் என்பது தொன்றுதொட்டு நெல் முதலியவற்றின் தண்டைக் குறித்த சொல். காகிதம் பாரசீகத்தினின்று வந்தது. கடுதாசி போர்த்துக்கீசியத்தினின்று வந்தது. பெயர் எதுவாயினும் பொருள் நாரே. சீன நாட்டில் கி.பி. 105-ஆம் ஆண்டளவிற் சாய் லுன் என்பார் மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை முதலியவற்றை இடித்துத் தாள் செய்தார் என்பது வரலாறு. கழிவுப் பொருளே தாளின் முதற்றாய் என்பது இதனால் விளங்கும்.

தமிழகத்தின் அச்சு வரலாற்றிலும் தாளின் அருமை நன்கு புலப்படும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர் தமிழிற் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரத்தினின்று வந்த எழுத்துக்கள் பெரியனவாயிருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலாற் சிறிய எழுத்துக்கள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715-இல் அந்நூல் நிறைவெய்தியது. அண்மையிலுள்ள பொறையாற்றில் ஒரு காகிதச் சாலையும் ஏற்பட்டது. நம் மொழியின் அச்சு நூற்கள் தாளுக்கு வறுமையுற்ற காலத்திற் பிறந்தவை.

கொங்கு நாடோ இன்று தாளுக்குத் தாயகம். காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையத்துச் சேஷசாயி காகித ஆலை 1960-இல் நிறுவப்பெற்ற நிறுவனத்தைச் சார்ந்தது. கரூரை அடுத்த புகளூர்க் காகிதபுரத்தில் உள்ள ஆலை, 1979-இல் அரசு தோற்றுவித்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தினுடையது. கரும்பின் சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையை முதன்மைப் பொருளாகக்கொண்டு எழுந்தது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து 1959-இல் தொடங்கிய கைத்தாள் தொழிற்சாலை பருத்தித் துணிக் கழிவினின்று தாள் ஆக்கும். ஆக, நாம் கையிலெடுக்கும் தாள் முன்னரே ஒருமுறை கழிவினின்று மீண்ட பொருளாதலும் கூடும்.

2. வெந்தயக் கூழ்

பழந்தாளைக்கொண்டு கலம் செய்தல் நம் பாட்டியர்க்கு நன்கு தெரிந்த தொழில். தாளைக் கிழித்துச் சில நாள் நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் மைய அரைப்பர். அக்கூழைக் கவிழ்த்த பானையின் புறத்தே அப்பி, வெயிலில் உலர்த்திக் கழற்றினால் உறுதியான கூடை ஆகும். மூங்கில் முறத்தின் இடுக்குக்களை அடைத்து மெழுகவும் இக்கூழே பயன்படும். பருப்பும் மிளகாயும் வைக்க இக்கூடை ஏற்றது.

வெந்தயம் சேர்ப்பது எதற்கு? தாளின் நார் செல்லுலோசு என்னும் பொருளால் ஆயது. நீரிற் பிரிந்த நார்கள் உலரும்போது மீண்டும் ஒன்றையொன்று பற்றும். ஆயினும் ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குறுகும். ஏறக்குறைய 5 முதல் 7 முறைக்குமேல் அது தாளுக்கு உதவாது. குறுகிய நாரின் பிடிப்புத் தளர்ந்தது. வெந்தயத்தின் வழுவழுப்புப் பசை அக்குறையை நிரப்புகிறது. கொத்தவரை விதையின் பசையும் இதே இனத்தது. காகித ஆலைகள் அதனைத் தாளின் வலிமைக்காகக் கூழிற் சேர்ப்பதுண்டு. ஆலைப் பொறியாளர் நூல் கற்று அறிந்ததை நம் மூதாட்டியர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

காசுமீரக் கைவினைஞரும் பழந்தாள், வைக்கோல் முதலியவற்றை மயில்துத்தம் கலந்து இடித்த கூழால் அழகிய பெட்டிகள் செய்வர். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும், புதுச்சேரியை அடுத்த திருக்கனூர்ப் பொம்மையிலும் காகிதக் கூழுக்கு இடமுண்டு. இவ்விரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை.

3. மணியும் சிமிக்கியும்

இனி அணி செய்யும் முறை கூறுவாம். மணிக்கு ஏற்றது மாத நாட்காட்டித் தாளும் திருமண அழைப்பிதழின் மெல்லிய உட்டாளும் ஆகும். செய்தித்தாள் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும். மரத்தின் லிக்னின் என்னும் பொருள் அதில் நீக்கப்படாது நிற்பதே அதற்குக் காரணம்.

முதலில் நாரின் போக்கை அறிதல் வேண்டும். தாளைக் கிழித்துப் பார்க்க: ஒரு பக்கம் நேராகக் கிழியும், மற்றொரு பக்கம் கோணும். நேராகக் கிழியும் பக்கமே நாரின் போக்கு. அப்போக்கு, சுருட்டும் ஈர்க்குக்கு இணையாக அமையுமாறு வெட்டினாற் சுருள் எளிதாகவும் இறுக்கமாகவும் வரும்; மாறினால் தாள் மடங்கி வெடிக்கும்.

அடி 2.5 சென்றிமீட்டரும் நீளம் 30 சென்றிமீட்டரும் உள்ள நெடிய முக்கோணமாகத் தாளை வெட்டுக. அகன்ற அடியைத் துடைப்பத்து ஈர்க்கின்மேல் வைத்து முனை நோக்கி இறுகச் சுருட்டுக. கடைசி மூன்று விரற்கடையிற் பசை தடவி ஒட்டுக. ஈர்க்கை உருவினால் நடுப்பருத்து இருபுறமும் மெலிந்த மணி கிடைக்கும். முக்கோணத்தின் அடி மணியின் நீளத்தையும், முக்கோணத்தின் நீளம் மணியின் பருமையையும் வரையறுக்கும். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டரும் துளை 1.5 மில்லிமீட்டரும் ஆயின், 30 சென்றிமீட்டர் நீளத் தாள் நடுவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்ப் பருமை தரும். நீளத்தை 60 ஆக்கினாற் பருமை இரட்டிக்காது. ஏறக்குறைய 9 மில்லிமீட்டரே ஆகும். சுற்று வளர வளர ஒவ்வொரு சுற்றும் மிகுந்த தாளை விழுங்குவதே இதன் காரணம்.

சிமிக்கிக்கு 3 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட நறுக்குக்களை ஒன்றோடொன்று ஒட்டி, வட்டத் தட்டாக இறுகச் சுற்றவேண்டும். பின்னர் அத்தட்டின் நடுவை விரலால் மெல்லத் தள்ளினால் அது குடைபோல் எழும். அதன் உட்புறத்திற் பசை பூசி உலர்த்தினால் வடிவம் நிலைக்கும். கீழே ஒரு மணி தொங்கவிட்டு, மேலே கொக்கி கோத்தால் அணி முடிந்தது.

4. காப்புக் குறிப்புக்கள்

புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, ஆதலின் உடம்பிற் படும் அணிக்கும் உணவுக் கலத்துக்கும் ஆகாது. அச்சு மையும் உணவிற் சேர்தல் தீது. செய்தித்தாளில் உணவைப் பொதிந்து தருதல் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது. ஆகவே அச்சிட்ட தாளாற் செய்த தட்டில் நேரே பலகாரம் வைத்தல் தகாது. அணியை நீரினின்று காக்க வார்னிஷ் இருமுறை பூசுவர். ஆயினும், அவ்வாறு பூசிய தாளை மீண்டும் எளிதிற் கூழாக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்க. இயன்றவிடத்துப் பூச்சைக் குறைத்தலே அறிவுடைமை.

5. விலையும் மதிப்பும்

இனிப் பயனை எண்ணுவோம். மேற்கூறிய அளவில் 60 மணிகள் கோத்த மாலைக்குச் செல்லும் தாள் எவ்வளவு? சதுர மீட்டருக்கு 80 கிராம் நிறையுள்ள தாளாயின், ஏறக்குறைய 18 கிராம். நாம் விடை எழுதும் தாளில் நான்கிற்கும் குறைவு. நாடெங்கும் மாணவர் மாலை கோத்தாலும் குப்பை மேடு தாழாது. ஆதலின், இது கழிவை ஒழிக்கும் தொழில் என்று பேசுதல் பொருந்தாது. தாளின் இருபுறமும் எழுதுதலும், எஞ்சியதை மீண்டும் ஆலைக்குச் சேர்த்தலுமே அதற்கு வழி.

அங்ஙனமாயின் இத்தொழிலின் பயன் யாது? அது தாளில் இல்லை, கையில் உள்ளது. ஒரு மணிக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் 60 மணிக்கு மூன்று மணி நேரம். பூசிக் கோக்க மற்றும் ஒரு மணி நேரம். அம்மாலையை 80 ரூபாய்க்கு விற்று, பசைக்கும் நூலுக்கும் கொக்கிக்கும் 20 ரூபாய் கழித்தால், ஒரு மணி நேர உழைப்புக்கு 15 ரூபாயே நிற்கும். “பழந்தாள்தானே! இதற்கு இவ்வளவா?” என்று பேரம் பேசுவோர் தாளுக்கு விலை கூறுகின்றனரேயன்றிக் கைக்குக் கூறவில்லை. கழிவினின்று செய்ததென்று புகழும் சொல்லே கூலியைக் குறைக்கும் சொல்லாகவும் மாறிவிடுகிறது.

தஞ்சையிற் பிறந்த கிறிஸ்தவத் தமிழராகிய ஜே. சி. குமரப்பா (1892–1960) இதனை அன்றே உணர்த்தினார். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர் அவர். கைத்தாள் தொழில் மீண்டும் தழைக்க அச்சங்கம் பாடுபட்டது. ஒரு பொருளை வாங்குவோன் அது உண்டான முறைக்கும் பொறுப்பாளி என்பது அவர் கொள்கை. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் கம்பாலா நகரத்தில், போரினால் இடம்பெயர்ந்த ஏழை மகளிர் பழந்தாள் மணிகளை உருட்டி விற்றனர். அவற்றை அயல்நாடுகளிற் கொண்டுசென்று விற்கும் பொருட்டு 2004-இல் ‘பீட் ஃபார் லைஃப்’ என்னும் அமைப்பு எழுந்தது. குமரப்பாவின் கொள்கைக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பொன் வேலைக்குப் பேர்பெற்ற கோயம்புத்தூரில் இதனை எழுதுவது பொருத்தமே. பொற்கொல்லர் பட்டறையின் தூசியைக் கூட்டிச் சேர்த்து, அதினின்றும் பொன்னை மீட்பர். ஒரு துகளும் வீணாகாது. பொன்மீது காட்டும் அக்கறையை நாம் பிறவற்றின்மீதும் மனிதர்மீதும் காட்டுகின்றோமா? 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும், மணமகளைப் பவுனால் நிறுக்கும் பழக்கம் நம்மிடையே ஒழியவில்லை. திருச்சபையினராகிய நாமும் அதற்கு விலக்கல்லர். பேதுருவின் முதல் நிருபமும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமும் பொன் அணிதலைக் குறித்துக் கூறும் எச்சரிக்கையைப் பீடத்தினின்று கேட்கிறோம். திருமணப் பந்தலில் மறந்துவிடுகிறோம். தாளாலாகிய தோடு பொன்னின் போலியன்று. எடையால் மதிப்பிட இயலாத அணி அது. ஆதலின், மதிப்பு உழைப்பில் உள்ளதென்பதை நமக்கு நினைவூட்ட வல்லது.

ஐயாயிரம் பேரை உண்பித்த ஆண்டவர், எஞ்சிய துணிக்கைகளையும் பன்னிரண்டு கூடைகளிற் சேர்ப்பித்தார். நிறைவு இருந்தவிடத்தும் சிதறலைப் பேணியது அவர் செயல்.

தமிழிற் பணி என்பது தொழிலுக்கும் பெயர், அணிகலனுக்கும் பெயர். தாள் என்பது ஏட்டுக்கும் பெயர், முயற்சிக்கும் பெயர். மாணவ அன்பர்காள்! இனி ஒரு தாள்மணி மாலையை வாங்கும்போது தாளின் விலையைக் கேளாதீர். அதனைச் செய்தவர்க்குச் சென்ற நேரத்தைக் கேளுங்கள். கேட்டு, அதற்குரியதைக் கொடுங்கள்.